சர்வருக்கு டிப்ஸ் கொடுக்கலாமா? சேலம், ஏற்காடு ஹோட்டல்களை வைத்து அடிக்கடி வரும் கேள்விகள்

சேலத்தில் சில ஹோட்டல்களுக்குச் சம்பளக் கணக்கு எழுதுகிறேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மெஸ்ஸும் அதில் உண்டு, ஏற்காட்டில் அறை வாடகைக்கு விடும் விடுதியும் உண்டு. இந்த வேலை என்று தெரிந்தால் போதும், சொந்தக்காரர்கள், நண்பர்கள், சர்வர்கள், முதலாளிகள் எல்லோரும் டிப்ஸைப் பற்றித்தான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரிமாறுகிறவரின் சம்பளம் முதலாளி கொடுக்க வேண்டியது. அது இட்லி விலைக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும். அது சரியாகும் வரைக்கும், சாப்பிடப் போகிற நாம் "டிப்ஸே தப்பான பழக்கம்" என்று கொள்கை பேசிவிட்டு எழுந்து வந்துவிடக் கூடாது. அந்த இடைக்காலத்தில் நஷ்டப்படுவது முதலாளியும் இல்லை, நாமும் இல்லை.

சர்வருக்கு உண்மையில் சம்பளம் எப்படிக் கணக்காகிறது?

பெரிய ஹோட்டல்களில் மாதச் சம்பளம், வங்கிக் கணக்கு, பிஎஃப் என்று முறையாகப் போகிறது. சின்ன இடங்களில் பெரும்பாலும் நாள் கணக்கு. "நாளைக்கு இவ்வளவு, தங்க இடம், மூணு வேளை சாப்பாடு" என்று பேசித்தான் ஆள் சேர்கிறார்.

கல்லாவுக்குக் கீழே நீளமான ஒரு நோட்டு இருக்கும். ஆளுக்கு ஒரு பக்கம். மேலே பெயர், கீழே 31 கட்டம். வந்த நாளுக்கு ஒரு கோடு, அரை நாளுக்கு அரைக் கோடு. வலது ஓரத்தில் சிவப்பு மையில் அட்வான்ஸ்: "ஊருக்கு 2,000", "மருந்து 300", "செல் ரீசார்ஜ்". மாதக் கடைசியில் கோடுகளை எண்ணி, சிவப்பைக் கழித்து, மிச்சத்தைக் கையில் கொடுப்பார்கள். சில பக்கங்களில் சிவப்புதான் அதிகம் இருக்கும். அந்த ஆள் அடுத்த மாதமும் அங்கேயே வேலை செய்தாக வேண்டும், வேறு வழி கிடையாது.

அந்த நோட்டில் வராத ஒன்று உண்டு, நேரம். காலை டிபனுக்கு 6 மணிக்கு வந்து நின்றவர், மதியச் சாப்பாட்டுப் பந்தி ஓய்ந்ததும் 4 மணிக்கு மாடியில் கொஞ்சம் கண்ணயர்ந்து, 6 மணிக்கு மறுபடி சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கி, ராத்திரி 11 மணிக்குக் கடைசி மேசையைத் துடைக்கிறார். அதற்கும் ஒரே கோடுதான். நாள் கூலி எவ்வளவு என்று மட்டும் கேட்டால் பாதிதான் தெரியும். அதை நேரத்தால் வகுத்துப் பார்த்தால்தான் அவருடைய உழைப்புக்கு என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்பது புரியும்.

டிப்ஸ் வரும் என்பதால் சம்பளத்தைக் குறைத்துக் கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டா?

இல்லை. 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் ஹோட்டல் வேலைக்குத் தனியாகவே ஊதியம் நிர்ணயித்து வந்தார்கள். அடிப்படைச் சம்பளம் ஒன்று, அதோடு ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாறும் அகவிலைப்படி. இரண்டும் சேர்ந்ததுதான் குறைந்தபட்சம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, குறைந்தபட்ச ஊதிய உரிமையை எல்லா வேலைகளுக்கும் பொதுவாக்கியிருக்கிறது. பழையதிலும் சரி, புதியதிலும் சரி, ஊதியம் என்றால் முதலாளி தர வேண்டியது. சாப்பிட வந்தவர் மேசையில் வைத்துவிட்டுப் போவது அந்தக் கணக்கில் சேராது.

ஆனால் ஆள் எடுக்கும்போது நடக்கும் பேச்சைக் கேட்டிருக்கிறேன். "சம்பளம் கம்மிதான், ஆனா டிப்ஸ் நல்லா வரும்பா" என்பார்கள். முதலாளி கொடுக்க வேண்டியதை முகம் தெரியாத வாடிக்கையாளர் தலையில் கட்டுகிற பேச்சு இது. டிப்ஸ் வந்தால் சரி. வராத நாளில் குறைவது அந்தப் பையனின் வயிற்றுக்குத்தானே?

அமெரிக்காவில் இருக்கும் மகன் 20 சதவீதம் வைக்கணும் என்கிறான். இங்கேயும் அப்படியா?

அங்கே சட்டம் வேறு, அதனால் பழக்கமும் வேறு. அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர். 2009-க்குப் பிறகு அது ஏறவில்லை. டிப்ஸ் வாங்கும் வேலை என்றால் முதலாளி தன் கையிலிருந்து 2.13 டாலர் கொடுத்தால் போதும். அது 1991 முதல் அப்படியே நிற்கிறது. டிப்ஸையும் சேர்த்து 7.25 வராவிட்டால் குறைவதை முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஆரிகன் உள்ளிட்ட 7 மாநிலங்களில் இப்படிக் குறைத்துக் கொடுக்க முடியாது. டெக்சாஸ் போன்ற இடங்களில் முடியும். உங்கள் மகன் அங்கே டிப்ஸ் வைக்காமல் எழுந்தால் சர்வரின் கூலியிலேயே கை வைத்த மாதிரி ஆகிவிடும். மகன் சொல்வது அந்த ஊருக்குச் சரி.

அந்தப் பழக்கம் அங்கே வேரூன்றிய விதமும் நல்லதில்லை. அடிமை முறை ஒழிந்த பின், புல்மன் கம்பெனியின் ரயில் பெட்டிகளில் கறுப்பின ஆட்களைப் போர்ட்டர்களாக (பயணிகளைக் கவனித்துக்கொள்ளும் ஆட்களாக) எடுத்தார்கள். சம்பளத்தைக் குறைவாக வைத்து, பயணிகள் தருவதை நம்பிப் பிழைக்கச் சொன்னார்கள். 1925-இல் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் அமைத்துப் போராடினார்கள்; கம்பெனியோடு ஒப்பந்தம் போட 1937 வரை ஆனது. சம்பளத்தை டிப்ஸோடு முடிச்சுப் போட்டால் அதை அவிழ்க்க எத்தனை காலம் ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். நம் சட்டத்தில் அந்த முடிச்சு இல்லை. பழக்கத்தில் அது விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, சேலத்தில் எவ்வளவு வைக்கலாம்?

விதி எதுவும் இல்லை, நான் செய்வதைச் சொல்கிறேன். ரெண்டு பேர் டிபன் சாப்பிட்டு 200 ரூபாய் பில் என்றால் 10 அல்லது 20. குடும்பத்தோடு ஏசி ஹாலில் உட்கார்ந்து 1,500 வரை போனால் 50 முதல் 100. குழந்தை சாம்பாரைக் கொட்டி, யாராவது குனிந்து துடைத்தால் அவருக்குத் தனியாக. அவர் பெரும்பாலும் சர்வராக இருக்க மாட்டார், கிளீனராக இருப்பார். அவருக்கு யாரும் கொடுப்பதும் இல்லை.

நாமே டோக்கன் வாங்கி, நின்றபடி சாப்பிட்டு வரும் இடத்தில் தேவையில்லை. கையில் கணக்காகத்தான் பணம் இருக்கிறது என்றால் சங்கடப்படவும் வேண்டாம். தட்டுவடை செட் வாங்கித் தின்னும் மாணவர்களிடம் யாரும் டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை.

ஜிபே வந்த பிறகு டிப்ஸ் குறைந்துவிட்டது என்கிறார்களே, உண்மையா?

நான் பேசிப் பார்த்த சர்வர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். காரணம் நம் கஞ்சத்தனம் இல்லை. முன்பு 340 ரூபாய் பில்லுக்கு ஒரு 500 ரூபாய் நோட்டை வைப்போம். சோம்புத் தட்டில் 160 திரும்பி வரும். நூறையும் ஐம்பதையும் எடுத்துக்கொண்டு பத்தை விட்டுவிட்டு எழுவோம், அதற்கென்று யாரும் யோசித்ததே இல்லை. இப்போது கல்லாவில் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டி "முந்நூற்று நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்று சொல்லிவிடுகிறது. விட்டுப்போக மிச்சம் என்று ஒன்று இல்லை. தட்டில் சோம்பு மட்டும் இருக்கிறது.

பணம் கொடுக்கிறவருக்கு இதில் ஒரு மாற்றமும் தெரியாது. வாங்குகிறவருக்குத்தான் தெரியும். சம்பளம் மாதக் கடைசியில், அதுவும் அட்வான்ஸ் போக. டிப்ஸ் அன்றன்றைக்கு. டீக்கும், பஸ்ஸுக்கும், ஊரில் இருக்கும் அம்மாவிடம் பேசுகிற ரீசார்ஜுக்கும் அந்தப் பத்துகள்தான் ஓடிக்கொண்டிருந்தன. அது நின்றதும் நோட்டில் சிவப்பு மை கூடியது.

அப்புறம், கல்லாவில் ஸ்கேன் செய்யும்போதே இருபது கூடப் போட்டு "அந்தத் தம்பிக்குக் கொடுத்துடுங்கண்ணே" என்று சொல்லிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல மனசு. ஆனால் அந்தப் பணம் ஹோட்டலின் கணக்கில் வியாபாரமாக ஏறுகிறது. ராத்திரி கல்லாவை முடிக்கும்போது யாராவது நினைவு வைத்து ரொக்கமாக எடுத்துக் கொடுத்தால்தான் அவர் கைக்குப் போகும். எழுதி வைத்துப் பைசா குறையாமல் கொடுக்கும் கல்லாக்காரர்களும் உண்டு. அந்த வழக்கமே இல்லாத இடங்களும் உண்டு. அதனால் மணிபர்சில் நாலைந்து பத்து ரூபாய் நோட்டு வைத்திருந்து கையில் கொடுப்பது மேல். சர்வரின் சொந்த எண்ணுக்கு அனுப்பலாமா என்று கேட்கலாம், ஆனால் சில இடங்களில் முதலாளி அதற்குத் தடை போட்டிருப்பார். முதலாளி பார்க்கும்போது கேட்டுச் சர்வரைத் திட்டு வாங்க வைக்க வேண்டாம்.

பில்லிலேயே சர்வீஸ் சார்ஜ் போட்டிருக்கிறார்கள். கொடுத்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலில், ஹோட்டல்கள் தாமாகவே பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, தர மறுப்பவரை உள்ளே விடாமலும் இருக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. ஹோட்டல் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போனார்கள்; அந்த மாதமே இடைக்காலத் தடை கிடைத்தது. 2025 மார்ச் 28 அன்று வந்த தீர்ப்பு வழிகாட்டுதல் செல்லும் என்றது. வழக்குப் போட்ட சங்கங்களுக்குத் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத் தொகையும் விதித்தது. அவர்கள் மேல்முறையீடு செய்திருக்கிறார்கள்.

ஜிஎஸ்டியையும் இதையும் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். ஜிஎஸ்டி அரசுக்குப் போகிறது. சாதாரண ஹோட்டலில் 5 சதவீதம். அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் விடுதிக்குள் இருக்கும் உணவகத்தில் 18 சதவீதம். அது சர்வருக்குப் போகாது, அதைக் கழிக்கச் சொல்லவும் முடியாது. சர்வீஸ் சார்ஜ் ஹோட்டலுக்குப் போகிறது. 600 ரூபாய்க்குச் சாப்பிட்டு 10 சதவீதம் சேர்த்தால் 660. ஜிஎஸ்டியை அந்த 660-க்குப் போட்டு 33 ரூபாய் வாங்குவார்கள். நியாயமாக வர வேண்டியது 600-க்கு 30. சர்வீஸ் சார்ஜின் மேல் இப்படி ஜிஎஸ்டி போடுவதும் கூடாது என்கிறது அதே வழிகாட்டுதல்.

முதலில் மேனேஜரிடம் எடுத்துவிடச் சொல்லுங்கள். சர்வரிடம் சண்டை போடாதீர்கள், பில்லை அடித்தவர் அவர் இல்லை. எடுக்க மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம், மாவட்ட ஆட்சியருக்கும் புகார் கொடுக்கலாம். எடுத்தபின் அந்த 60 ரூபாயில் ஒரு பகுதியையாவது சர்வர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உரிமையைக் கேட்டு வாங்கியபின் அதை அப்படியே பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வருவது எனக்கு உறுத்தும்.

டிப்ஸைப் பொதுவில் போட்டுப் பிரிப்பது நியாயமா?

நியாயம்தான், பிரிப்பது தொழிலாளர்களாக இருந்தால். சாப்பாடு ருசியாக இருந்ததற்குச் சரக்கு மாஸ்டர் காரணம், மேசை பளிச்சென்று இருந்ததற்குக் கிளீனர் காரணம். நம் கண்ணில் படுகிறவர் சர்வர் ஒருவர்தான். கல்லாப் பக்கத்தில் உண்டியல் வைத்து, ஞாயிறு ராத்திரி எல்லோர் முன்னாலும் திறந்து எண்ணிப் பங்கு போடும் ஹோட்டல்களில் சண்டை வருவதில்லை.

முதலாளி அதில் பங்கு எடுப்பதும், உடைந்த டம்ளருக்கு அதிலிருந்து கழிப்பதும் அநியாயம். பிரிட்டனில் இதற்கென்றே சட்டம் கொண்டுவந்து, 2024 அக்டோபர் 1 முதல் டிப்ஸ் முழுவதும் தொழிலாளர்களுக்கே போக வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். இங்கேயும் அப்படி ஒரு வரி சட்டத்தில் ஏற வேண்டும்.

சம்பளத்தைக் கூட்டினால் விலையைக் கூட்டணும், கூட்டம் போய்விடும் என்கிறாரே எங்கள் முதலாளி?

பயம் நியாயமானது. எண்ணெய், கேஸ், வாடகை எல்லாம் ஏறிக்கிடக்கிறது, பக்கத்துக் கடை தோசையை அஞ்சு ரூபாய் குறைத்துக் கொடுக்கிறான். ஆனால் ஒரு தடவை பேப்பரில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 சர்வர், 4 கிளீனர் இருக்கும் ஹோட்டல் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளைக்கு 100 ரூபாய் கூட்டினால் 1,200. நாளைக்கு 400 பேர் சாப்பிடுகிறார்கள் என்றால் தலைக்கு 3 ரூபாய். பிஎஃப், இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) சேர்த்து 4 என்றே வையுங்கள். நாலு ரூபாய்க்காக இலையை விட்டு எழுந்து போகிற வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆள் ஓடிப்போய், புது ஆளுக்கு அட்வான்ஸ் கொடுத்து, அவர் வேலை பழகும்வரை தோசை மேசை மாறிப் போகிற நஷ்டத்தை எந்த முதலாளியும் கணக்கில் எழுதுவதில்லை.

ஒரே ஒரு கடை மட்டும் தனியாக மாறுவது கஷ்டம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நியூயார்க்கில் டேனி மேயர் என்ற பெரிய உணவக முதலாளி 2015-இல் டிப்ஸை ஒழித்து, விலையைக் கூட்டி, சம்பளத்துக்குள் கொண்டுவரப் பார்த்தார். 2020-இல் மறுபடி டிப்ஸுக்கே திரும்பினார். சுற்றி எல்லோரும் பழையபடி இருக்கும்போது ஒருவர் மட்டும் விலையை ஏற்றி நிற்பது எளிதில்லை. அதனால்தான் குறைந்தபட்ச ஊதியத்தை எல்லாக் கடையிலும் ஒரே மாதிரி அமல்படுத்த வேண்டும் என்கிறேன். எல்லோருக்கும் ஏறினால் தோசை விலையில் யாருக்கும் பாதகம் இல்லை.

டிப்ஸ் கொடுத்தால் நல்லா கவனிப்பார்கள், இல்லையா?

வாரா வாரம் போகிற கடையில் உங்களை நினைவு வைத்து ரெண்டாவது தடவை சட்னி கேட்காமலே வரும். அவ்வளவுதான். கவனிப்புக்கு நான் பார்த்த காரணம் ஒருவருக்கு எத்தனை மேசை என்பது. ஞாயிற்றுக்கிழமை மதியம் பத்து மேசையை ஒருவரே ஓடி ஓடிப் பார்க்கும் ஹோட்டலில் எத்தனை ரூபாய் வைத்தாலும் ரசம் ஆறித்தான் வரும்.

ஏற்காட்டில் சீசனில் நிறைய டிப்ஸ் கிடைக்குமே, அவர்களுக்கு என்ன குறை?

ஏப்ரல், மே மாதங்களிலும் கோடை விழா நாட்களிலும் கிடைக்கிறது, உண்மைதான். சனி, ஞாயிறில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வரும் வண்டிகள் ஏரிக்கரையைச் சுற்றி நின்றுவிடும், மேசைக்கு ஆள் காத்து நிற்பார்கள். அதே சர்வரை மழைக்கால செவ்வாய்க்கிழமை பாருங்கள். பனி இறங்கிய ஹாலில் ரெண்டு மேசைதான் ஓடும். ஆள் குறைப்பு வந்தால் "வாரத்துக்கு நாலு நாள் வா போதும்" என்பார்கள். சீசனில் வந்த டிப்ஸ் அந்த நாட்களுக்குள் கரைந்துவிடும்.

இன்னொன்று, மலைமேல் வேலைக்கு இருப்பவர்களில் ஒடிசா, அசாம் பக்கத்துப் பையன்கள் நிறைய. தங்குவது விடுதிக்குப் பின்னால் இருக்கும் அறையில். தங்குமிடம் கொடுத்துவிட்டதால் ராத்திரி 12 மணிக்கு ஒருவர் ஆம்லெட் கேட்டாலும் அவரைத்தான் எழுப்புவார்கள். நாம் டூர் போகும்போது இதை மனதில் வைக்கலாம். விரலைச் சொடுக்கிக் கூப்பிடாமல் "தம்பி" என்று கூப்பிடுங்கள். தமிழ் தெரியாத பையனுக்கும் அந்தக் குரல் புரியும்.

டிப்ஸுக்கு வருமான வரி, பிஎஃப் எல்லாம் உண்டா?

2016-இல் ஐடிசி வழக்கில் உச்ச நீதிமன்றம், வாடிக்கையாளர் கொடுக்கும் டிப்ஸ் சம்பளம் ஆகாது, அதனால் ஹோட்டல் அதில் டிடிஎஸ் (கொடுக்கும்போதே கழிக்கும் வருமான வரி) பிடிக்க வேண்டியதில்லை என்று சொன்னது. சாதாரண சர்வரின் மொத்த வருமானம் வரிக்குள்ளேயே வராது, கவலை வேண்டாம்.

இதன் மறுபக்கத்தைத்தான் சர்வர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். டிப்ஸ் சம்பளம் இல்லை என்றால் அதற்குப் பிஎஃப் இல்லை, போனஸ் இல்லை, இஎஸ்ஐயும் இல்லை. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு இஎஸ்ஐ உண்டு, தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார்கள். மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டால் இஎஸ்ஐ தரும் உதவித்தொகை சம்பளத்தை வைத்துக் கணக்காகும், டிப்ஸை வைத்து இல்லை. 20 பேர் இருந்தால் பிஎஃப், குறைந்தது 8.33 சதவீதம் போனஸ். அதுவும் சம்பளத்தின் மேல்தான். "டிப்ஸ் நல்லா வருது, சம்பளம் ஏறாட்டி பரவாயில்லை" என்று இருக்கும் தம்பிகள் இதை ஒரு நாள் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

வேலையை விட்டுவிட்டேன், பாக்கிச் சம்பளம் தர மாட்டேன் என்கிறார்கள். உடைந்த சாமானுக்கும் பிடித்துவிட்டார்கள். என்ன செய்வது?

புதிய சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்டாலும் நீக்கினாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கியைத் தர வேண்டும். உடைந்ததற்குப் பிடிக்கலாம், ஆனால் உங்கள் கவனக்குறைவால்தான் உடைந்தது என்றால் மட்டும், அதுவும் உங்கள் பக்கத்தைக் கேட்டபின். யாரோ பில் கட்டாமல் போனதற்கெல்லாம் சர்வர் கூலியில் கை வைப்பது நியாயமே இல்லை.

சேலத்தில் இருக்கும் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். வெறுங்கையோடு போக வேண்டாம். நோட்டில் உங்கள் பக்கத்தை மாதா மாதம் செல்லில் போட்டோ எடுத்து வைத்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஜிபேயில் வந்த அட்வான்ஸ், சூப்பர்வைசர் "நாளைக்கு 5 மணிக்கே வந்துடு" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியது, யூனிஃபார்மோடு எடுத்த படம், எல்லாமே சாட்சிதான். அழிக்காமல் வையுங்கள்.

பார்சல் வாங்கினால் டிப்ஸ் வைக்கணுமா?

வேண்டாம். மழையில் கார் வரைக்கும் கொண்டுவந்து கொடுத்தால் மட்டும் பத்து ரூபாய் கொடுங்கள்.